மறதி நோய் ஒன்றா, பலவா?

காய்ச்சல் என்பது ஒரு நோயா? இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "இல்லை, அது நோயின் அறிகுறி" என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். டைபாய்டு வந்தாலும் உடம்பு சுடும்; மலேரியா வந்தாலும் சுடும்; டெங்கு வந்தாலும் சுடும். எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் டாக்டரிடம் இன்று யாரும் போகமாட்டார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. அன்று காய்ச்சலே நோயாகக் கருதப்பட்டது. விட்டு விட்டு வருகிறதா, விடாமல் அடிக்கிறதா, எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைக் கொண்டுதான் அதை வகை பிரித்தார்கள். டைபாய்டும் டைபஸும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1837-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஜெரார்டு, இறந்தவர்களின் குடலைப் பரிசோதித்துக் காட்டினார். 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவரான், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியை நுண்ணோக்கி வழியே கண்டார். 1897-இல் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதே கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். "காய்ச்சல்" என்ற பெரிய மூட்டை இப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தும் தடுப்பு முறையும் கிடைத்தன.

இன்றும் மருத்துவத்தில் இன்னும் சரியாக அவிழாத மூட்டை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிமென்ஷியா. பேச்சு வழக்கில் மறதி நோய் என்கிறோம். நினைவு, மொழி, கணக்கு, வழி அறிதல், முடிவெடுத்தல் ஆகிய மூளைத் திறன்கள், ஒருவர் தம் அன்றாட வேலையைத் தாமே செய்துகொள்ள முடியாத அளவுக்குத் தேய்ந்துபோகும் நிலை இது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது டிமென்ஷியா அன்று. சாவி எதற்குப் பயன்படுகிறது என்பதே தெரியாமல் போவதுதான் டிமென்ஷியா. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்குமேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நிலையில் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இந்த 88 லட்சம் பேருக்கும் ஒரே நோய் என்று எண்ணுவது தவறு என்பதே என் கருத்து. ஒருவருடைய மூளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப நோயை வகைப்படுத்தி, அவருக்கேற்ற சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதைத் "துல்லிய மருத்துவம்" என்று இப்போது அழைக்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. மறதி நோயிலும் அது வந்தாக வேண்டும். ஆனால் எப்படி வர வேண்டும் என்பதில் சில விஞ்ஞானிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெயர் வந்த வரலாறு

1901-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்டே என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், கேள்விகளையும் பதில்களையும் அப்படியே எழுதி வைத்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டால் அந்த அம்மையார் தம் பெயரையே சொன்னார். பகல் உணவில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, "கீரை" என்று விடை வந்தது.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அப்போது மியூனிக் நகருக்கு மாறியிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூல் போன்ற இழைகள். அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டில் இதை விளக்கினார். கேட்டவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910-இல் அவருடைய தலைவர் எமில் கிரெபெலின் தம் பாடநூலில் இதற்கு "அல்சைமர் நோய்" என்று பெயர் சூட்டினார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தப் பெயர் நடு வயதினருக்கு மட்டுமே பயன்பட்டது. 50 வயதில் வந்தால் அல்சைமர் நோய். 75 வயதில் வந்தால் "முதுமைத் தளர்ச்சி", இயற்கையானது, டாக்டருக்கு அங்கே வேலையில்லை! பிறந்த தேதியை வைத்து நோயைப் பிரித்தார்கள். இந்தப் பிரிவு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் டாம்லின்சன், பிளெஸ்டு, ராத் ஆகிய மூவரும் இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, அகுஸ்டேயின் மூளையில் இருந்த அதே படிவுகளையும் இழைச் சிக்கல்களையும் கண்டார்கள். வயது எதுவானாலும் நோய் ஒன்றுதான் என்று 1976-இல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் அழுத்தமாக எழுதினார்.

அன்று அது தேவையான மாற்றம். "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கப்பட்டவர்கள் நோயாளிகளாக மதிக்கப்பட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. ஆனால் ஊசல் மறுபக்கம் போய்விட்டது. முதுமையில் நினைவு தடுமாறும் எல்லாரையும் அல்சைமர் என்ற ஒரே பெட்டிக்குள் போடும் பழக்கம் வந்துவிட்டது. நம் ஊரிலோ அந்தப் பெட்டிகூட இல்லை. "வயசாச்சு, அதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

மூட்டையிலிருந்து வெளியேறியவை

டிமென்ஷியாவைக் குணப்படுத்தவே முடியாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மை அன்று. முன்பு டிமென்ஷியா என்று அழைக்கப்பட்ட சில நோய்கள் இன்று குணமாகின்றன. குணமாகத் தொடங்கியதும் அவற்றை நாம் டிமென்ஷியா என்று சொல்வதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

பெல்லக்ராவை எடுத்துக்கொள்வோம். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை மக்களிடம் இது கொள்ளை நோய் போலப் பரவியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு ஏற்படும், பிறகு புத்தி தடுமாறும். மனநல விடுதிகள் இந்நோயாளிகளால் நிரம்பின. ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். 1914-இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார்: விடுதியில் நோயாளிகளுக்கு வருகிறது, அவர்களோடு பழகும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்று நோய் அப்படி ஆள் பார்த்து வருமா? உணவைச் சோதித்தார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்குத்தான் நோய் வந்தது. பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்தால் மறைந்தது. நம்பாதவர்களுக்கு நிரூபிக்க, 1916-இல் நோயாளியின் ரத்தத்தைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார், நோய் வரவில்லை. 1937-இல் எல்வெஜம் என்பவர் இல்லாத அந்தப் பொருள் நிகோடினிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். இன்று நயாசின் என்று அழைக்கப்படும் பி வைட்டமின் அது. சில்லறை விலை மாத்திரை ஒன்று மனநல விடுதியின் கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டிலும் தக்காணப் பகுதியில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்டவர்களிடம் பெல்லக்ரா இருந்தது. ஐதராபாத்தில் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் அதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று 1960-இல் எழுதினார்கள்.

இன்னொன்று, "பொதுப் பக்கவாதம்" என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட புத்திச் சிதைவு. ஐரோப்பிய மனநல விடுதிகளில் இந்நோயாளிகள் ஏராளம். 1913-இல் நியூயார்க்கில் நொகுச்சி, மூர் என்ற இருவர் இவர்களுடைய மூளையிலேயே சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். அதுவரை பைத்தியம் எனப்பட்டது கிருமி நோயாகிவிட்டது. 1940-களில் பெனிசிலின் வந்ததும் அந்த நோயே அருகிப்போயிற்று. (இடையில் வாக்னர்-யாரெக் என்ற ஆஸ்திரிய மருத்துவர், இந்நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்படுத்தி, அந்தக் காய்ச்சலின் சூட்டில் கிருமியை அழிக்க முயன்றார். அதற்காக 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். காய்ச்சலையே மருந்தாக்கிய கதை இது!)

இந்த இரண்டு நோய்களிலும் நடந்தது என்ன? காரணம் தெரிந்தது, மருந்து கிடைத்தது, நோய் மூட்டையை விட்டு வெளியேறியது. துல்லிய மருத்துவம் என்ற பெயர் புதிது. வேலை பழைய வேலைதான்.

மூட்டைக்குள் இன்று என்னென்ன?

அல்சைமர் நோயில் இரண்டு புரதங்கள் கெட்டுப்போகின்றன. செல்லுக்கு வெளியே படிவது அமிலாய்டு. உள்ளே சிக்குப் பிடிப்பது டாவ். ரத்தக் குழாய் அடைப்பால் மூளையின் பகுதிகள் சிறிது சிறிதாகச் சாவது வேறொரு வகை. இதற்கு உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் துணை போகின்றன. மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் சுருங்குவது இன்னொரு வகை. இதில் முதலில் கெடுவது நினைவு அன்று, நடத்தை. நேற்றுவரை மரியாதையாகப் பேசிய 55 வயதுக்காரர் திடீரென்று கூச்சமின்றி நடப்பார், பிறர் துன்பத்தைக் கண்டு இரங்கமாட்டார். "மறதி நோய்" என்ற நம் சொல்லே இங்கு வழிதவற வைக்கிறது. மறதி இல்லையே என்று வீட்டார் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். மிக முதிய வயதில் டிடிபி-43 என்ற வேறொரு புரதம் கெட்டு, அல்சைமர் போலவே தோற்றமளிக்கும் ஒரு வகைக்கு 2019-இல்தான் பெயரே வைத்தார்கள்.

லூவி வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே பெயர் மாறினால் உயிருக்கே ஆபத்து. பிரெடரிக் லூவி என்பவர் 1912-இல், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் சிறு உருண்டைகளைக் கண்டார். ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு உண்டாவது அது. அதே உருண்டைகள் மூளையின் மேற்பகுதி எங்கும் பரவி டிமென்ஷியாவை உண்டாக்கலாம் என்பதை 1976 முதல் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா விளக்கினார். இந்நோயாளிகளுக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். மூலையில் குழந்தை நிற்கிறது, சுவரில் பூனை ஏறுகிறது என்பார்கள். ஒரு நாள் தெளிவாக இருப்பார்கள், மறுநாள் குழம்புவார்கள். தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையைக் காலை வீசுவார்கள்.

இல்லாத உருவம் தெரிகிறது என்றதும், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? லூவி வகை நோயாளிகளில் பலருக்கு உடல் மரக்கட்டை போல விறைத்து, மயக்கநிலை வந்து, உயிரே போகலாம். மாறாக, டொனெபெசில் என்ற மாத்திரை இவர்களில் பலருக்கு நல்ல பலன் தருகிறது. அல்சைமர் நோயாளிகளுக்கும் ஓரளவு உதவுகிறது. ஆனால் நான் முன்பு சொன்ன முன்மூளைச் சுருக்கத்துக்கு அது உதவுவதில்லை; சிலரை மேலும் கிளர்ச்சியடையச் செய்கிறது. ஒரே மாத்திரை, ஒரே "டிமென்ஷியா", மூன்று விளைவுகள். இதைக் கண்டறிய ஜீன் சோதனையோ கோடி ரூபாய் இயந்திரமோ தேவையில்லை. வீட்டாரிடம் பொறுமையாக நான்கு கேள்விகள் கேட்கும் டாக்டர் போதும். துல்லியம் என்பது எப்போதும் இயந்திரத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

தோற்றுப்போன சோதனைகள்

இருபது ஆண்டுகளாக அல்சைமர் மருந்துச் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று எனக்கு வியப்பளிக்கிறது. மூளையிலுள்ள அமிலாய்டை அகற்றுவதற்கென்று செய்யப்பட்ட பாப்பினியூசுமாப் என்ற மருந்து 2012-இல் தோல்வி கண்டது. சோதனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். APOE என்ற ஜீனின் 4-ஆம் வகை இல்லாத நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் மூளையில் அமிலாய்டு போதிய அளவில் இல்லவே இல்லை! நினைவுக் குறைவை மட்டும் பார்த்து அல்சைமர் என்று முத்திரை குத்திச் சேர்த்திருந்தார்கள். எலி இல்லாத வீட்டில் பொறி வைத்துவிட்டு, பொறி வேலை செய்யவில்லை என்று சொல்வது போன்றது இது. (நியாயமாகச் சொன்னால், எலி இருந்த வீடுகளிலும் அந்தப் பொறி பயன்படவில்லை. ஆனால் அது கெட்ட பொறி என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளவாவது எலி உள்ள வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாமா?)

அதன் பிறகு பாடம் கற்றுக்கொண்டார்கள். லெக்கனிமாப் என்ற மருந்தின் பெரிய சோதனையில், அமிலாய்டு இருப்பது உறுதியான 1,795 பேரை மட்டும் சேர்த்தார்கள். 2022-இல் முடிவு வெளியாயிற்று. 18 மாதங்களில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. செய்தித்தாள்கள் ஆரவாரம் செய்தன. ஆனால் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. தேர்வில் அரை மதிப்பெண்கூட இல்லை! அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்கு மருந்தின் விலை மட்டும் 26,500 டாலராக இருந்தது. இதைக் கொண்டாட நான் தயாராக இல்லை. ஆனால் சரியான ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் சிறிய பலன்கூடக் கண்ணுக்குத் தெரியும் என்பதை இது காட்டிவிட்டது. அது சிறிய செய்தி அன்று.

அதே சோதனையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இந்த மருந்தால் சிலருக்கு மூளையில் வீக்கம் ஏற்படுகிறது. யாருக்கு? முன்பு சொன்ன APOE 4-ஆம் வகை ஜீனைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களில் 100-க்கு 33 பேருக்கு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களில் 11 பேருக்கு. அந்த வகையே இல்லாதவர்களில் 5 பேருக்கு. பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் தொல்லை தருவதில்லை, சிலருக்கு ஆபத்தாகிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியபோது, இருவரிடமிருந்தும் அந்த ஜீனைப் பெற்றவர்களுக்கு இதைத் தரக்கூடாது என்று விதித்தது. நோயை மட்டுமன்றி ஆளையும் பார்த்து மருந்து தருவது என்றால் இதுதான்.

எனக்கு உடன்பாடில்லாத இடம்

இப்போது அமிலாய்டையும் டாவையும் கண்டறிய ஸ்கேன்கூட வேண்டாம். ஒரு குழாய் ரத்தம் போதும் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சோதனைக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. நல்லதுதான். ஆனால் 2024-இல் அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் அமைத்த குழு ஒன்று ஒரு படி மேலே போய், இத்தகைய சோதனையில் மாறுதல் தெரிந்தாலே அவருக்கு அல்சைமர் நோய் இருக்கிறது என்று வரையறை செய்தது. அறிகுறி எதுவுமே இல்லாவிட்டாலும்! அதே ஆண்டில் பல நாடுகளைச் சேர்ந்த அறிஞர் குழு ஒன்று இதை மறுத்தது. அறிகுறி இல்லாதவர் நோயாளி அல்லர், நோய் வரும் வாய்ப்புள்ளவர் மட்டுமே என்பது அவர்கள் வாதம்.

நான் இரண்டாம் கட்சி. காரணம் சொல்கிறேன். நினைவுத் திறன் நன்றாக இருப்பவர்களிலேயே 50 வயதில் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் பத்தில் நால்வருக்கும் மூளையில் அமிலாய்டு இருக்கிறது. அவர்களில் பலர் அறிகுறி ஏதுமின்றியே வாழ்ந்து முடிப்பார்கள். அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் என்பவர் 1986-இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் கலந்துகொண்டு, இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குத் தரவும் சம்மதித்தார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதுவரை தெளிந்த அறிவோடு வாழ்ந்து இறந்தார். மூளையைத் திறந்து பார்த்தால் படிவுகளும் இழைச் சிக்கல்களும் ஏராளம்! அவருக்கு 70 வயதில் ரத்தச் சோதனை செய்து, "உனக்கு அல்சைமர் நோய்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் மீதி 31 ஆண்டுகளை அவர் எப்படி வாழ்ந்திருப்பார்? குறைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது, அந்தச் சிக்கல்களோடும் அவரால் எப்படி வாழ முடிந்தது என்று ஆராயச் செலவிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிகாகோவில் முதியோரின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், டிமென்ஷியா இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் கலந்திருந்ததைக் கண்டார்கள். சிறிது அமிலாய்டு, சிறிது லூவி உருண்டை, சிறிது ரத்தக் குழாய் அடைப்பு. ஆகவே பெரிய பெட்டியை உடைத்து ஐந்து சிறிய பெட்டிகள் செய்தாலும் போதாது. உங்கள் மதிப்பெண் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று ஆசிரியருக்குத் தெரியுமா? பாடவாரியாகப் போட்டால்தான் தெரியும். நோயாளிக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும்: ரத்தக் குழாய் எப்படி, அமிலாய்டு எப்படி, காது எப்படி, வைட்டமின் எப்படி என்று. "இவர் எந்த வகை?" என்பதைவிட "இவரிடம் எது எவ்வளவு?" என்பதே சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில்

பெரும்பாலான ஜீன் ஆராய்ச்சிகள் ஐரோப்பிய வம்சத்தினரிடம் நடந்தவை. APOE 4-ஆம் வகை எல்லா மக்களிடமும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. ஆப்பிரிக்க வம்சத்தினரிடம் அதன் விளைவு குறைவு. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதி ஒன்றையும் ஒப்பிட்ட ஆய்வில், அந்த ஜீன் வகையே பல்லப்கரில் குறைவாக இருந்தது. அங்கே போய் எடுத்த அளவுச் சட்டையை இங்கே மாட்டிக்கொள்ள முடியாது. பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டார கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வருவதை நான் ஆவலோடு பார்ப்பது இதனால்தான்.

சோதனைத் தாளும் நம்முடையதாக இருக்க வேண்டும். மேல்நாட்டு நினைவுச் சோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். படம் வரையச் சொல்வார்கள். சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத பாட்டி இதில் தோற்றால் அது மூளையின் குறையா, அவருக்குக் கல்வி தராத சமூகத்தின் குறையா? பல்லப்கர் ஆய்வாளர்கள் 1990-களில் இதை உணர்ந்து, எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் ஏற்றபடி அந்தச் சோதனையை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். நாடு தழுவிய அந்த 2023 ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் டிமென்ஷியா அதிகம் என்று தெரிந்ததில் கல்விக்கும் பங்கு உண்டு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 14 தவிர்க்கக்கூடிய காரணங்களைப் பட்டியலிட்டது. இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைத்தல், தனிமை, பார்வைக் குறைவு, காற்று மாசு முதலியவை அதில் அடங்கும். இவை அனைத்தையும் நீக்கினால், கொள்கையளவில், 100-இல் 45 பேருக்கு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு.

இவ்வளவு பணம் பிடிக்கும் வேலை நமக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள ஊசி மருந்து நமக்கு இப்போதைக்கு ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. பி-12 வைட்டமின் குறைந்தாலும் நினைவு தடுமாறும். ஊசி போட்டால் பலருக்குத் தேறும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அப்படியே. கீழே விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்கு, மண்டையோட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கி, சில வாரங்கள் கழித்துக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். சாதாரண சி.டி. ஸ்கேனில் அது தெரிந்துவிடும். ஒரு சிறு அறுவையில் நீக்கிவிடலாம். இவற்றையெல்லாம் பார்க்காமலே "டிமென்ஷியா" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், குணமாகக்கூடிய ஒருவர் குணமாகாதவர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். நோயாளியின் சீட்டில் டிமென்ஷியா என்று எழுதும் டாக்டர், அதற்குப் பக்கத்தில் எதனால் என்றும் எழுத வேண்டும் என்று ஒரு விதி வந்தால் நல்லது. காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை, பி-12, தைராய்டு, சி.டி. பார்த்தாயிற்று" என்று எழுதட்டும். அடுத்து அந்தச் சீட்டைப் பார்க்கும் டாக்டருக்கு எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அப்போது தெரியும்.